டிரங்கு பெட்டியில் ஏழு மெடல்: நாலு தலைமுறைப் பட்டாளத்தை எங்கே தேடுவது?

புளியந்தோப்பிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையாகப் பட்டாளம். கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் 'பாசரா' போனவர். தாத்தா பர்மா சண்டை. பெரியப்பா 71 சண்டை. சித்தப்பா இலங்கை போய் வந்தவர். இவர்களில் உயிரோடு இருப்பது சித்தப்பா மட்டும்தான், அவரும் வாய் திறப்பதில்லை. தம்பி இப்போது அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். கையில் இருப்பது ஒரு டிரங்கு பெட்டி, ஏழு மெடல், தாத்தாவின் ஒரு போட்டோ. யார் எந்த ரெஜிமெண்ட், எங்கே போனார்கள் என்று எழுத்தில் எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். வீடு வியாசர்பாடி. அப்பாவும் தாத்தாவும் சேப்பர்கள், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரர்கள். என் சர்வீஸில் கடைசி நாலு வருடம் ஒரு ரெக்கார்ட் ஆபீசில், அதாவது சிப்பாய்களின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் போனது. இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் டைப் அடிப்பதுதான் வேலை. அதனால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படிக்கிற ஆள் எதைத் தேடுவார், எது இல்லாவிட்டால் 'ஆவணம் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறக்கும் முன்னால் அதன் மூடியைப் பாருங்கள். பட்டாளத்துப் பெட்டி என்றால் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருப்பார்கள், ரயிலில் தொலைந்தால் வந்து சேர வேண்டுமே. வீட்டில் யாராவது மேலே பச்சை எனாமல் அடித்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அடியில் இருக்கும் எழுத்து மேடு தட்டும். சுரண்டாதீர்கள். ஒருவர் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து எழுத்தையே எடுத்துவிட்டு வந்து நின்றார்.

அந்த நம்பர்தான் முக்கியம். ராணுவத்தில் முனுசாமிகள் ஆயிரம் பேர், நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான். சரி, ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது: சிப்பாயாகச் சேர்ந்து நாயப் சுபேதார் (ஹவில்தாருக்கு அடுத்த மேல் ரேங்க்) ஆனவருக்கு 'ஜேசி' என்று தொடங்கும் புது நம்பர் வரும். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் கிடைத்தால் இரண்டு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சேர்ந்தவர் நம்பர் 25 என்று தொடங்கும் ஏழு இலக்கம் என்றால் அது மெட்ராஸ் ரெஜிமெண்ட். கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் விடாமல் எழுதுங்கள். பழைய காகிதத்தில் 'ஜமேதார்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 1965-ல் அந்த ரேங்க்தான் நாயப் சுபேதார் என்று மாறியது.

அடுத்தது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமான விஷயம். எல்லோரும் வீரத்தைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். எந்தப் போர், எந்த மலை, எத்தனை பேரைச் சுட்டார் என்று. ரெக்கார்ட் ஆபீசில் அது கிடைக்காது. அங்கே இருப்பதெல்லாம் பணக் கணக்கு. ஒரு மனிதனுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தர வேண்டியிருந்த வரைக்கும்தான் அவன் காகிதம் பத்திரமாக இருக்கும். பென்ஷன் வாங்காமல் வெளியே வந்தவர்களின் ஃபைலை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அதற்குப் பிறகு மிஞ்சுவது லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஒரே ஒரு வரி. ஆகவே உங்கள் வீட்டில் யார் யார் பென்ஷன் வாங்கினார்கள், யாருடைய மனைவி வாங்கினார் என்பதை முதலில் கேளுங்கள். அதை வைத்துத்தான் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்ல முடியும்.

கொள்ளுத்தாத்தா விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். முதல் உலகப் போரில் சுமார் 13 லட்சம் இந்தியர்கள் சேவை செய்தார்கள், ஏறத்தாழ 74,000 பேர் இறந்தார்கள். கடல் தாண்டிப் போனவர்களில் பெரும்பங்கு மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு. கப்பல் போய் நின்ற துறைமுகம் பஸ்ரா. வடசென்னை ஆயாக்கள் வாயில் அது 'பாசரா' ஆனது. 'பாசரா போனார்' என்றால் பஸ்ராவிலேயே இருந்தார் என்று அர்த்தமில்லை, அந்த வழியாகப் போனார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு ஆதாரம் மெடலின் விளிம்பு. முதல் போர் மெடல்களில் விளிம்பைச் சுற்றி நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். 1914-15 ஸ்டார் என்றால் பின்பக்கம் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார கிளார்க் நம் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினான். முனுசாமிக்கு இரண்டு 'ஓ', சாமிக்கு நடுவில் ஒரு 'டபிள்யூ' என்று அவன் கணக்கே வேறு. நீங்கள் இன்றைய ஆதார் எழுத்தில் தேடினால் ஆள் அகப்படமாட்டார்.

அந்தப் போருக்குப் பரவலாகக் கொடுத்த வட்டமான பிரிட்டிஷ் போர் மெடல் வெள்ளி. அதே மெடல் வெண்கலத்தில் இருந்தால் உங்கள் கொள்ளுத்தாத்தா துப்பாக்கி பிடித்த சிப்பாய் இல்லை, கூலிப்படையிலோ, கோவேறு கழுதை ஓட்டியாகவோ, தண்ணீர் சுமப்பவராகவோ, சமையலாளாகவோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. எனக்குப் புரியவில்லை. அந்த வெயிலில் குண்டுக்கு நடுவே தண்ணீர் கொண்டுபோனவன் என்ன குறைந்தவனா? வெள்ளி மெடல்கள் பல வீடுகளில் இல்லாததற்குக் காரணம் வேறு: வெள்ளி என்பதாலேயே அது அடகுக் கடைக்குப் போனது. எங்கள் வீட்டு மெடல் சவுக்கார்பேட்டையில் ஒரு பெண் கல்யாணத்துக்கு உருகியது.

அவர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் அங்கே இந்திய அதிகாரிகளின் பெயரைத்தான் கல்லில் வெட்டினார்கள், சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். பெயர் தனியாக ஏட்டில் போனது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2021-ல், அந்த ஆணையமே இது சமமாக நடத்தியது அல்ல என்று அறிக்கை வெளியிட்டு ஒத்துக்கொண்டது. பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் நந்தம்பாக்கம் யுத்த மயானத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இரண்டாம் போரைச் சேர்ந்தவை. அதே வளாகத்தில்தான் 1914-18 மெட்ராஸ் நினைவுச் சின்னமும் இருக்கிறது. இந்தியாவின் வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போனவர்களுக்காக வைத்தது.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் 'பஞ்சாப் பதிவேடுகள்' என்று ஒன்று வரும், 3,20,000 சிப்பாய்களின் விவரம், ஊர் ஊராக. பார்த்ததும் ஆசையாக இருக்கும். அது பஞ்சாபுக்கு மட்டும்தான். அதில் உட்கார்ந்து ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள்.

தேதி தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். 'எம்டன் குண்டு போட்டப்போ அவரு ஊர்ல இல்ல' என்றால் அது 1914 செப்டம்பர் 22. அன்று ராத்திரிதான் ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. 'மில் ஸ்ட்ரைக் அப்போ திரும்பி வந்தாரு' என்றால் பெரும்பாலும் 1921, பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்த வருடம். 'ஜப்பான்காரன் வரான்னு ஊரே காலி பண்ணிச்சு' என்றால் 1942 ஏப்ரல். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய ஆட்களிடம் 'அதுக்கு முன்னாடியா பின்னாடியா' என்று கேளுங்கள். வருடம் தானாக வந்து விழும். ரெக்கார்ட் ஆபீசுக்கு உத்தேச வருடம் போதும்.

இப்போது உங்கள் கதையில் இருக்கும் ஒரு இடைவெளியைப் பற்றி. கொள்ளுத்தாத்தா முதல் போர், தாத்தா இரண்டாம் போர். நடுவில் இருபது வருடம் யாருமே இல்லையே, பட்டாளத்தை விட்டுவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் விடவில்லை, பட்டாளம்தான் இவர்களை விட்டது.

உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பட்டாளம் என்றே ஒரு இடம் இருக்கிறது. பக்கத்தில் பெரம்பூர் பாரக்ஸ் ரோடு. தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறோம், அங்கே ஒரு காலத்தில் படை தங்கியிருந்தது என்று யோசிப்பதில்லை. இன்றைய மெட்ராஸ் சேப்பர்ஸின் பூர்வீகமே 1780-ல் இந்த ஊரில் எடுத்த இரண்டு பயனீர் கம்பெனிகள்தான். ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவரைத் தகர்ப்பது அவர்கள் வேலை. அந்தப் படையிலும் பயனீர் படைகளிலும் பறையர் சமூகத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஊரில் தெருவில் நடக்க விடாத காலத்தில் பட்டாளம் சம்பளமும் படிப்பும் பூட்ஸும் கொடுத்தது. வடசென்னையில் பல குடும்பங்களின் முதல் எழுத்தறிவு லைன்ஸ் (படைக் குடியிருப்பு) பள்ளிக்கூடத்தில் வந்தது என்று என் தாத்தா சொல்வார், நான் நம்புகிறேன்.

ஆனால் 1880-களில் மெட்ராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் என்ற வெள்ளைக்கார ஜெனரல் தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு அவர் முழு இந்தியப் படைக்கும் தளபதி ஆனதும் சில வடக்கத்திச் சமூகங்கள்தான் சண்டைக்குப் பிறந்தவை என்ற 'போர்க்குடி' கொள்கை வேரூன்றியது. மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதல் போர் முடிந்ததும் செலவைக் குறைக்கிறோம் என்று மிச்சம் இருந்ததையும் கலைத்தார்கள். பயனீர்கள் 1933-ல் போனார்கள். சேப்பர்ஸ் மட்டும் தப்பியது, ஏனென்றால் பாலம் கட்டத் தெரிந்தவனை எந்தத் தளபதியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது 1941-ல், இரண்டாம் போர் வந்த பிறகு. ஆக, நடுவில் இருந்த தலைமுறை மில்லுக்கும் ரயில்வேக்கும் ஹார்பருக்கும் போனது. போனவர்கள் பட்டாளத்துணியை விட்டு முழுசாக விலகவும் இல்லை. பி அண்ட் சி மில்லின் காக்கி டிரில் துணி ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. அப்பன் போட்ட உடுப்புக்குப் பிள்ளை தறி ஓட்டினான். மில் 1996-ல் மூடியது.

சுதந்திரத்துக்குப் பிறகு பரம்பரையாகத் தொடர்ந்ததற்கு ரத்தம், வீரம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ரிலேஷன்ஷிப் சர்டிபிகேட், இன்ன படைவீரருக்கு இவன் மகன் அல்லது சகோதரன் என்று சொல்லும் காகிதம். ரெஜிமெண்டல் சென்டர்களில் சர்வீஸில் இருப்பவர், ஓய்வுபெற்றவரின் மகனுக்கும் சகோதரனுக்கும் தனி ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பார்கள். யூனிட் கோட்டா என்போம். அப்பாவின் ரெஜிமெண்ட் என்றால் உள்ளே நுழையக் கதவு கொஞ்சம் அகலம். அதனால்தான் ஒரே குடும்பம் ஒரே படையில் சேர்ந்துகொண்டே இருந்தது. உங்களுக்கு இது பயனுள்ள தகவல்: பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்தபோது அந்த சர்டிபிகேட் கொடுத்திருந்தால், தாத்தாவின் நம்பரும் யூனிட்டும் அதில் எழுதியிருக்கும். தாத்தாவின் ஃபைல் அழிந்திருந்தாலும் மகன்களின் ஃபைலில் தாத்தா இருப்பார்.

தாத்தா விஷயத்துக்கு வருவோம். பர்மா சண்டை என்றதும் எல்லோரும் காலாட்படை என்று நினைக்கிறார்கள். இரண்டாம் போரில் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். பட்டறையில் கை பழகிய பெரம்பூர்ப் பையன்கள் பலரை டிரைவர், ஃபிட்டர், வெல்டர் என்று சர்வீஸ் கோர் (சப்ளை, போக்குவரத்து), ஆர்டினன்ஸ் (தளவாடக் கிடங்கு), 1943-ல் புதிதாகத் தொடங்கிய ஈ.எம்.ஈ. (வண்டி, இயந்திரம் பழுதுபார்ப்பது) ஆகியவற்றில் எடுத்துக்கொண்டார்கள். அதனால் மெட்ராஸ் ரெஜிமெண்டில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் போர் மெடல்களில் பலவற்றில் பெயரே இருக்காது. ஆனால் ஆறுமுனை நட்சத்திரங்களின் நடுவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார். பர்மா என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்து, பெட்டியில் இத்தாலி ஸ்டார் கிடைத்த குடும்பம் எனக்குத் தெரியும். இத்தாலியில் மெட்ராஸ் சேப்பர்ஸ் இருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் 1944-ல் அங்கேதான் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருது பெற்றவர் அவர்.

போட்டோவில் முகத்தைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். கைக்கு மேல்பக்கம் தைத்த சதுரத் துணிதான் டிவிஷன் அடையாளம். பூனை என்றால் 17-வது டிவிஷன், குத்துவாள் பிடித்த கை என்றால் 19, அம்பு என்றால் 7. மூன்றும் பர்மா. கழுகு என்றால் 4-வது டிவிஷன், ஆப்பிரிக்காவும் இத்தாலியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, உருவம் தெரியும். நல்ல ஸ்கேன் எடுத்துப் பெரிதாக்குங்கள்.

ஒரு வேளை பிரிட்டிஷ் படையின் எந்த அடையாளமும் இல்லை, ஆனாலும் 'பர்மா சண்டை' என்றே வீட்டில் சொல்கிறார்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வடசென்னையில் ரங்கூன் தொடர்பு இல்லாத தெரு குறைவு. வியாசர்பாடியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை சும்மா வரவில்லை. அவர் நேதாஜியின் படையில் (ஐ.என்.ஏ.) இருந்தவராகக்கூட இருக்கலாம். அப்படியானால் ராணுவ ரெக்கார்ட் ஆபீசில் ஒன்றும் இல்லாமல் போகலாம், தியாகி பென்ஷன் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் அந்தத் திட்டம் 1972-ல் வந்தது. அண்ணன் வெள்ளைக்காரன் படையிலும் தம்பி ஐ.என்.ஏ.விலும் இருந்து, ஊர் திரும்பி ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களைக் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் இல்லை. உங்கள் தாத்தா 1946 வாக்கில் வந்துவிட்டார் என்றால் மேலே சொன்ன 25 வருட விதியில் ஃபைல் போயிருக்கும். லாங் ரோல் வரியைக் கேளுங்கள். அத்தோடு, ராஜா முத்தையா சாலையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். பென்ஷன் இல்லாத இரண்டாம் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமார்க்கும் மாதாந்திர உதவித்தொகை இருந்தது. உங்கள் ஆயா அதை வாங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் நகல் அங்கே கொடுத்திருப்பார்.

பெரியப்பா விஷயம் சுலபம். 1971-க்கு இரண்டு ஸ்டார் உண்டு: கிழக்கே போனவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே நின்றவருக்குப் பஸ்சிமி ஸ்டார். பங்களாதேஷை விடுவித்தார் என்று பேரன்களிடம் சொல்லியிருந்தாலும், பெட்டியில் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் அவர் இருந்தது பஞ்சாப், ராஜஸ்தான், காஷ்மீர் பக்கம். சங்கிராம் மெடல் அந்தப் போர்க்காலத்தில் சர்வீஸில் இருந்தவர்களுக்கு வந்தது. 1972-ல் சுதந்திர வெள்ளி விழா மெடல், அன்று உடுப்பில் இருந்த எல்லோருக்கும். ஒன்பது வருட சர்வீஸுக்கு ஒன்று, இருபது வருட சர்வீஸுக்கு ஒன்று. ஆக, ஏழு மெடல் என்றால் ஏழு சண்டை இல்லை. இவற்றிலும் விளிம்பில் நம்பரும் பெயரும் இருக்கும், முதலில் ஆள்வாரியாகப் பிரித்து வையுங்கள்.

நம்பரும் படையும் தெரிந்தால் எங்கே எழுதுவது? மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன். சேப்பர்ஸுக்கு பெங்களூர், சர்வீஸ் கோருக்கும் பெங்களூர். ஈ.எம்.ஈ., ஆர்டினன்ஸ் இரண்டுக்கும் செகந்திராபாத். பீரங்கிப்படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மெடிக்கல் கோருக்கு லக்னோ. பென்ஷன் ஆணை நம்பர் இருந்தால் அதையும் போடுங்கள். அந்த ஆணைகள் எல்லாம் அலகாபாத் அலுவலகத்தில் பிறந்தவை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல் வையுங்கள். அப்புறம், 'எல்லா விவரமும் தாருங்கள்' என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் என்னைப் போன்ற கிளார்க் எதையும் தர மாட்டான். ஷீட் ரோல் (சர்வீஸ் விவரத் தாள்), கிண்ட்ரெட் ரோல், மெடல் விவரம், ஃபைல் இல்லையென்றால் லாங் ரோல் பதிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் வாரிசு என்ற முறையில் மனுப் போடுங்கள்.

அதில் கிண்ட்ரெட் ரோல் என்று ஒன்றைச் சொன்னேனே, அதை விட்டுவிடாதீர்கள். சேரும்போது சிப்பாய் தன் குடும்பத்தை எழுதிக் கொடுக்கும் தாள் அது. அப்பா, அம்மா, மனைவி, குழந்தைகள், சொந்தக் கிராமம், தாலுகா. கல்யாணம் ஆனால், பிள்ளை பிறந்தால் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவு போட்டுச் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியாது என்றீர்களே, அது கிடைக்கக்கூடிய இடம் இதுதான். புளியந்தோப்பு என்று முகவரி இல்லாமல் செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கம் ஏதாவது கிராமத்தின் பெயர் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நம்மில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தானே.

அந்தத் தாளில் ஒரு எழுத்து தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது குடும்ப பென்ஷனுக்கு அம்மா எழுதிப் போட்டார். ரேஷன் கார்டில் காந்தம்மாள், பட்டாளத்துக் காகிதத்தில் காந்திமதி. இரண்டும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் நடுவில் இரண்டு வருடம் அலைந்தார். 'நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினேன், நான் யாருன்னு இவங்க கேக்கறாங்க' என்பார். நானே ரெக்கார்ட் ஆபீசில் வேலை பார்த்தவன், என் அம்மாவுக்கே இந்தக் கதி. மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் அவர் வைத்திருந்த பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் விவரம் அப்பாவின் எந்த மெடலிலும் இல்லை. உங்கள் வீட்டிலும் பெட்டியோடு நிற்காமல் ஆயாவின் புடவை அலமாரியைப் பாருங்கள்.

சித்தப்பாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1987-லிருந்து 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. நம் ஆட்களுக்கு இருந்த சங்கடம் மற்றப் படைக்காரர்களுக்குப் புரியாது. கதவைத் தட்டினால் உள்ளே இருந்து வரும் அழுகை தமிழில் வரும். மொழி தெரியும் என்பதால் சோதனைக்கு முன்னால் நிறுத்தப்பட்டதும் இவர்கள்தான். திரும்பி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சொந்த ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. 65-க்கும் 71-க்கும் கிடைத்த மாலை இவர்களுக்கு இல்லை. பல பேர் கேன்டீனில்கூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

அதனால் அவரிடம் 'என்ன நடந்தது' என்று கேட்காதீர்கள். கிண்ட்ரெட் ரோலில் யார் யார் பெயர் எழுதினீர்கள் என்று கேளுங்கள். ரேஷன் என்ன கொடுத்தார்கள், லீவு எப்போது கிடைத்தது, மணியார்டர் யார் பெயருக்குப் போனது என்று கேளுங்கள். கூட இருந்து இறந்தவர்கள் பெயரைச் சொன்னால், 2019-ல் டெல்லியில் திறந்த தேசிய போர் நினைவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடி எடுத்து அவரிடம் காட்டுங்கள். ஒருவருக்கு நான் அப்படிக் காட்டினேன். அரை மணி நேரம் போனைக் கையிலிருந்து தரவில்லை.

தம்பியைப் பற்றி. 2022-ல் வந்த அக்னிவீர் திட்டத்தில் நாலு வருடம்தான், அதற்குப் பிறகு 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. நான் மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் இவன் காகிதம் அவன் கொள்ளுத்தாத்தாவுடையதைப்போலவே சீக்கிரம் காணாமல் போகிற காகிதம். அதனால் சேரும் நாளில் இருந்தே கொடுக்கிற ஒவ்வொன்றையும் நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடும்ப விவரத் தாளை நிரப்பும்போது அம்மா பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எழுதட்டும். வடக்கத்தி கிளார்க் 'சர்நேம் என்ன' என்று கேட்பான். அவசரத்தில் இனிஷியலை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாமல், அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதச் சொல்லுங்கள்.